மச்சானுக்குத் தெரியாமல் ஒஸ்லோ

பிளேஸ்டோ, லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான் நிசாந்தன் அறிவது,

இங்கே நானும் உமது அக்கா சந்திரவதனாவும் எங்கள் மகள், கல்யாணப் பெண் மேனுஷாவும் சுகம். அங்கே நீரும் உமது மனைவி சிவரூபினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு வாரமாக நீர் போன் எடுக்காததால் அதை உறுதிசெய்ய முடியவில்லை. ஆகவே தபால்.

உறுதியான செய்தி ஒன்றுதான் கையில் உண்டு. சென்ற மாதம் நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்து, உமது வீட்டுப் படி ஏறாமல் திரும்பியது உமக்குத் தெரிந்துவிட்டது. மூலம்: மேரிசாந்தி, ஈஸ்ட் ஹாம் மீன்கடை, நேற்றுக் காலை. அவருடைய தங்கை உங்கள் ஊரில் இருக்கிறார். "அண்ணை, அவர் சரியான கோவமாம். கூடப்பிறந்த அக்கா ஊருக்கு வந்து ஒளிச்சுத் திரிஞ்சிட்டுப் போனவவாம். பிறகென்ன தாய்மாமன், நான் கல்யாணத்துக்கு வரேல்லை எண்டு சொன்னவராம்," என்றார். வெட்டக் கொடுத்த மீனை வாங்காமலே வந்துவிட்டேன்.

இத்தனை காலம் பத்திரிகை நிருபராக இருந்தவனுக்கு மறுப்பறிக்கை எழுதத் தெரியும். ஆனால் செய்தி உண்மை. எனவே விளக்கம் மட்டும். முதலில் பொறுப்பு: திட்டம் முழுவதும் என்னுடையது. சந்திராவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

நம்மவர்கள் வெளிநாடு பார்க்கிற விதம் உமக்குத் தெரியும். பாரிசுக்குப் போய் என் பெரியம்மா மகன் வீட்டில் இறங்கினோம். அங்கிருந்து அவருடைய சம்பந்தி வீடு, பிறகு சம்பந்தியின் தம்பி வீடு, ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, வடை, கல்யாண வீடியோ. ஈபிள் கோபுரத்தை ஒரு மேசை விரிப்பில் பார்த்தோம். ரொறன்ரோவில் நயாகராவுக்குப் புறப்பட்ட நாளில் யாரோ ஒரு பிள்ளை பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஆட்களை விட்டுவிட்டு ஒரு நகரத்தைப் பார்ப்போம் என்று நான் தீர்மானித்தேன். கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கிற நேரம் என்பதால் மிக மலிவான விமானம். சந்திரா எங்கேயோ விசாரித்து, ஒரு நோர்வே மூதாட்டி வீட்டில் நம்பமுடியாத மலிவில் அறை பிடித்தாள். யாரிடம் விசாரித்தாள் என்று நான் கேட்கவில்லை.

கையில் காசில்லாதவனுக்கு ஒஸ்லோ நல்ல நகரம்தான், எந்தக் கடைக்குள்ளும் நுழையாதவரை. ஒபரா மண்டபத்தின் கூரையில் ஏறி நடக்கக் காசில்லை. உள்ளே பாடுவதைக் கேட்கத்தான் காசு, நாங்கள் கூரையோடு நின்றுகொண்டோம். சிலைப் பூங்காவும் இலவசம். அங்கே நூற்றுக்கணக்கான சிலைகளில் ஒன்றிலும் துணியில்லை. சந்திரா சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர் விலைக்குப் பாவம் இவையளும் என்ன செய்யிறது?" என்றாள். பஸ் ரிக்கற்றிலேயே படகும் ஏறலாம் என்று அறிந்து தீவுக்குப் போய், லண்டனிலிருந்து கொண்டுவந்த பாணையும் கட்டைச்சம்பலையும் சாப்பிட்டோம். தமிழ் முகம் கண்டால் வாய் திறப்பதில்லை என்று ஏற்பாடு. திரும்பும்போது பஸ் சாரதியே தமிழர். "அண்ணை எந்த ஊர்?" என்றார். நான் ஆங்கிலத்தில், மொரீசியஸ் என்றேன். அவர் சந்திராவின் கோட்டுக்கு வெளியே வந்து கிடந்த தாலிக்கொடியைப் பார்த்தார். "ஓம் ஓம், மொரீசியசில இப்ப யாழ்ப்பாணத்துக் கொடிதான் போடுறவையாக்கும்," என்றார்.

வெள்ளிக்கிழமை பாண் முடிந்தது. கோயிலில் சோறு இருக்கும் என்று சந்திரா சொன்னாள். வழி கேட்காமல், போனைப் பார்க்காமல், இரண்டு ரயில் மாறி நேரே முருகன் வாசலுக்குக் கூட்டிப்போனாள். பக்தி என்று நினைத்தேன். பந்தியில் உட்கார்ந்து குழம்புக்கு வந்த பிறகுதான் சுவரிலிருந்த பலகையைக் கண்டேன்: இன்றைய அன்னதானம், நிசாந்தன் குடும்பம், ஐம்பதாவது பிறந்தநாள். எழும்ப வழியில்லை. நீர் பாயாச வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தீர். நான் தொப்பியை இறக்கினேன். சந்திரா முந்தானையைத் தலையில் இழுத்தாள். "இன்னும் கொஞ்சம் விடட்டோ, ஐயா?" என்று என்னைக் கேட்டீர். எங்களை நீர் அடையாளம் காணவில்லை என்பதை அந்த "ஐயா"வைக் கொண்டு உறுதிசெய்தேன்.

நீர் வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பியபோது, சந்திரா மறுபடியும் தட்டை நீட்டினாள். அவளுக்குச் சீனி வருத்தம்; பாயாசம் தொட்டு எத்தனையோ வருடம். விமானத்தில், நகரம் எப்படி என்று கேட்டதற்கு, "எல்லாம் வடிவுதான்," என்றாள்.

இனி நிலுவையில் உள்ளது ஒன்று. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கல்யாண அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. மேனுஷாவை மணவறைக்கு அழைத்து வரும் தாய்மாமனின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அச்சகத்தார் அங்கே ஒரு பூப் போடலாம் என்கிறார். வியாழன் இரவுவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். கோபம் என்னோடு இருக்கட்டும். அக்காவை விட்டுவிடும்.

முருகன் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைத்திருப்பானாக.

அன்புடன் அத்தான்,
குலசேகரம்

பி.கு.: தம்பி, கடிதத்தை ஒட்ட முதல் வாசிச்சுப்போட்டு எழுதுறன், நான் அக்கா. அத்தான் எழுதினதை நம்பாதை. அத்தான்ர ஆசையும் கெடாமல் உன்னையும் ஒருக்காப் பாக்க, ஒளிச்சு வருவம் எண்டது நான். அறை எடுத்துத் தந்தது உன்ர மனுசி ரூபி. அந்தக் கிழவி அவளோடை வேலை செய்தவ. கோயிலுக்கு எந்த ரயிலில வாறது எண்டு சொன்னதும் அவள்தான். உன்ர பிறந்தநாள் எனக்கு மறக்குமோ? பெரிய நிருபர், வீட்டுக்குள்ளை நடந்தது மட்டும் இவருக்குத் தெரியேல்லை. நீயும் நடிக்காதை. இரண்டாந்தரம் வாளியைக் கிண்டிக் கிண்டி கஜுப்பருப்பு முழுக்க என்ர தட்டில விட்டனி. கண்டிட்டுக் காணாதமாதிரிப் போனவனுக்கு இப்ப என்னடா கோவம்? போனை எடு.