பயாஸில் நான் செய்த நாற்பது திருத்தங்கள்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், நீங்கள் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் நால்வரும் நலம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா? போன் என்றால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நானும் "சரி மாமா" என்று பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

"பயாஸ்ல போய் நோண்டாத பாப்பா, கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங் எல்லாம் அங்கதான் இருக்கு. வேகம் வராது, வம்புதான் வரும்" என்றீர்கள். நோண்டினேன். வேகம் வந்தது.

மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வேன் என்று, நான் வீட்டிலிருந்தே கட்டடப் படம் வரைந்து கொடுக்கும் இன்ஜினியர் சொல்லியிருந்தார் இல்லையா, கடைசி வாரம் மாடிப்படி ஒன்றை நிஜம் போலக் காட்டும் படம் கேட்டார், கம்ப்யூட்டரோ நாற்பது நிமிடம் முனகிவிட்டு முடியும் நேரத்தில் அணைந்துவிடும். தூசி என்று சொல்லவே முடியாது, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் என்று அப்பா தன் தையல் கடையில் கெட்டித் துணியில் அதற்கு உறை தைத்து, சுவிட்சை அழுத்த மட்டும் முன்னால் பொத்தான் துளை போல ஒரு காஜா எடுத்திருக்கிறார், ஓடும்போதுகூட நாங்கள் அதைக் கழற்றுவதில்லை. ஆகவே கோளாறு உள்ளேதான் என்று பயாஸைத் திறந்து, 'ஆட்டோ' என்றிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றி நோட்டில் குறித்தேன். படம் அதே கட்டத்துக்கு முப்பத்தொன்பது நிமிடத்தில் வந்து அணைந்தது. "ஒரு நிமிஷத்துக்கா இந்தச் சிரிப்பு?" என்றாள் அம்மா. நாற்பதாவது திருத்தத்தில் திரை இருண்டு பெட்டி கத்த ஆரம்பித்தது, அப்பா கழுத்தில் டேப்போடு ஓடிவந்து "மாமாவக் கூப்பிடவா?" என்றார், "வேண்டாம்ப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உறையைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, மதர்போர்டில் இருந்த வட்ட பேட்டரியை எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டேன். உயிர் வந்தது. அதே மாடிப்படி பதினோரே நிமிடத்தில் தயார்!

மறுநாள் இன்ஜினியர் கூப்பிட்டார். "ஏம்மா, படத்துல தேதி பதினாலு வருஷம் முன்னாடி இருக்கே. மூணாங்கிளாஸ்லயே மாடிப்படி வரைஞ்சியா?" பயத்தில் "ஆமா சார்" என்றுவிட்டேன். சிரித்துக்கொண்டே வேலையை உறுதி செய்துவிட்டார். இப்போது அப்பா கடைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதை முதலில், அளவெடுப்பது பிறகு.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசி என்றும் வேண்டும். ஆலோசனை இனி வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டம் வாங்கிய உங்கள் மருமகள்

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன் ஒரு சந்தேகம் வந்தது. பேட்டரியை எடுத்ததில் தேதியே பின்னால் போயிருந்தால் என் திருத்தங்கள் மட்டும் எப்படி நிற்கும்? போய்ப் பார்த்தேன். நாற்பதும் பழையபடி 'ஆட்டோ'. அப்படியானால் வேகம் எங்கிருந்து வந்தது என்று நான் முழிக்க, "நீ கழட்டிப் போட்ட உறையத் துவைச்சேன்டி, இன்னும் கொடியிலதான் கெடக்கு" என்றாள் அம்மா. இத்தனை நாளும் பெட்டி புழுங்கியிருக்கிறது, மாமா. அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவர் உள்ளே பஞ்சு வைத்து இரட்டைத் துணியில் புது உறை வெட்டிக்கொண்டிருக்கிறார். காஜா எடுப்பதற்குள் போன் செய்து, கம்ப்யூட்டர் ஓடும்போது உறையே கூடாது என்று உங்கள் ஆலோசனையாகவே சொல்லிவிடுங்கள்.