எறும்பு மொய்த்த பென்சாயிக் அமிலம்

அவசரப்படுத்தினால் வராதவை உலகத்தில் இரண்டு உண்டு. ஒன்று தயிர், இன்னொன்று படிகம். முதலாவதை அம்மா சொல்லியே தெரிந்துகொண்டேன். இரண்டாவதைத் தெரிந்துகொள்ள, பல்கலைக்கழகம் எனக்காக ஒரு செய்முறைத் தேர்வு வைக்க வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். (அதாவது, வீட்டில் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்.) அப்பாவுக்குச் சின்ன வெங்காய மண்டி. கடைசி வருடத் தேர்வு நெருங்கியபோது அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ஏலே, அந்த ஆர்கானிக்கோ என்னமோ, அதுல போச்சுன்னு வையி, மறுநா காலையில நீ மண்டியில நிக்கணும். தரம் பிரிக்க ஆளு கெடைக்காம நாயா அலையிறேன்."

வெங்காயம் தரம் பிரிப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் எனக்கு வெங்காய மூட்டையைப் பார்த்தாலே கண்ணீர் வரும், உரிக்கக்கூட வேண்டாம். எம்.எஸ்ஸி. படித்து வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிவதாகத்தான் என் கனவு. அந்தக் கனவு ஒரே ஒரு செய்முறைத் தேர்வில் தொங்கிக்கொண்டிருந்தது.

தேர்வன்று சீட்டு எடுத்ததில் எனக்கு பென்சாயிக் அமிலம் வந்தது. முதலில் அதைத் தயாரிக்க வேண்டும். அது அழுக்கும் தூசியுமாகத்தான் கிடைக்கும். பிறகு அதைக் கொஞ்சமே கொஞ்சம் கொதிநீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிட வேண்டும். ஆற ஆற, சுத்தமான அமிலம் மட்டும் படிகமாக வெளியே வரும். அழுக்கெல்லாம் தண்ணீரிலேயே தங்கிவிடும். பொட்டலம் இரண்டு கொடுக்க வேண்டும், சுத்தம் செய்வதற்கு முந்தியது ஒன்று, பிந்தியது ஒன்று.

எங்கள் பேராசிரியர் இதை வீட்டுப் பாஷையில் சொல்லித் தந்திருந்தார். "படிகம் வர அடம்புடிச்சா, ஏற்கெனவே வந்த படிகத்துல துளியூண்டு எடுத்து உள்ள போடுங்கப்பா. பாலுக்கு உறை ஊத்துற மாதிரின்னு வச்சுக்கங்க." அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதற்கு 'உறை' என்றே பெயர். நான் நாசமாய்ப் போனது அந்த வார்த்தையால்தான்.

அமிலத்தை நன்றாகவே தயாரித்துவிட்டேன். கரைப்பதில்தான் கோட்டை விட்டேன். எங்கள் வீட்டில் விருந்தாளி தலை தெரிந்தால் ரசத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஏறும். அந்தக் கை அல்லவா? எதற்கும் இருக்கட்டும் என்று கொதிநீரைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். எல்லாம் கரைந்தது. வடிகட்டினேன், ஆறவைத்தேன். கண்ணாடி முகவையில் படிகத்தின் வாசனைகூட இல்லை. தண்ணீருக்குள் என் முகம்தான் தெரிந்தது, அதுவும் பார்க்கச் சகிக்கவில்லை.

பக்கத்து மேசையில் ராஜாத்தி. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம், மாடு கன்று நிறைந்த வீட்டுப் பெண். அவளுக்கும் அதே அமிலம்தான் வந்திருந்தது. அவள் முகவையில் படிகங்கள் ஊசி ஊசியாக மின்னிக்கொண்டிருந்தன.

"ராஜாத்தி, கொஞ்சூண்டு உறை குடு," என்றேன் கிசுகிசுப்பாக.

"இன்னைக்கி என்ன கெழமை?"

"வெள்ளி. ஏன்?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா யாராச்சும் உறை குடுப்பாகளா? எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிரும்."

"இது பாலு இல்ல தாயி, ஆசிட்டு!"

"நீ உறைன்னுதான கேட்ட?"

படிகம் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். உறை என்று கேட்டதால் வீட்டு லட்சுமி குறுக்கே வந்துவிட்டாள். கெஞ்சிய பிறகு ராஜாத்தி ஒரு வழி சொன்னாள். "நான் குடுக்க மாட்டேன். அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், நீயா எடுத்துக்க." சொன்னபடியே திரும்பினாள். அதே நேரத்தில் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளரும் (எங்கள் பாஷையில் 'எக்ஸ்டர்னல்') எங்கள் பக்கம் திரும்பினார். நீட்டிய கையால் ஈ ஓட்டுவதுபோல் பாவனை செய்துவிட்டு, என் இடத்துக்கே வந்து நின்றேன்.

அப்போதுதான் சட்டைப்பையில் கை பட்டது. காலையில் பூசையில் வைத்த டைமண்ட் கல்கண்டை அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள். "உள்ள போகையில வாயில போட்டுக்க அப்பு" என்றிருந்தாள். பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

யோசித்தேன். உறைமோர் இல்லாத நாளில் அம்மா மிளகாய்க் காம்பைப் போட்டே தயிர் தோய்த்துவிடுவாள். மிளகாய்க் காம்புக்கும் தயிருக்கும் என்ன சொந்தம்? அதுவே வேலை செய்யும்போது, பிறவிப் படிகமான கல்கண்டு வேலை செய்யாதா? (எனக்கு மூன்று வருடம் வேதியியல் சொல்லித் தந்தவர்கள் மன்னிக்கவும்.)

ஒன்று போட்டேன், கரைந்தது. இன்னொன்று போட்டேன், அதுவும் கரைந்தது. சூதாடியவன் கதைதான். பொட்டலம் காலியானதும்தான் நிறுத்தினேன். என் முழி சரியில்லை என்று பார்த்த ராஜாத்தி மெல்லச் சொன்னாள். "தண்ணி சாஸ்தியா இருக்கு பாரு. வத்த வையி."

வற்ற வைத்தேன். ஐஸ் தண்ணீரில் நிறுத்தினேன். வந்ததே படிகம்! அப்பாவின் மண்டி என் கண்ணிலிருந்து மறைந்தது. வடிகட்டி எடுத்தபோது கையில் லேசாகப் பிசுபிசுத்தது. கழுவ நேரமில்லை. வடிதாளில் ஒற்றி, பொட்டலம் கட்டி, பதிவு எண் எழுதி, தேர்வாளர் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மத்தியானம் நேர்முகக் கேள்வி. தேர்வாளர் பழனிப் பக்கத்துக்காரர், அதட்டக்கூடத் தெரியாத மனிதர்.

"படிகமாக்கறது எதுக்குங்க தம்பி?"

"அசுத்தத்தை நீக்க சார்."

"நீக்கிட்டீங்களா?"

"சுத்தமா நீக்கிட்டேன் சார்."

அவர் மேசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஜன்னலிலிருந்து எறும்புச் சாரை ஒன்று இறங்கி, வரிசையாக இருந்த அத்தனை பேர் பொட்டலத்தையும் ஏறெடுத்தும் பாராமல் தாண்டி, நேராக என் பொட்டலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அதிலும் என் சுத்தம் செய்யாத பொட்டலத்தை ஒரு எறும்பும் சீந்தவில்லை.

"ஏனுங்க தம்பி, பென்சாயிக் அமிலத்தை ஊறுகா கெடாம இருக்கப் போடுவாங்க. அதை எறும்பு திங்க வந்து நான் பார்த்ததில்லீங்க."

பின்னால் 'இன்டர்னல்' தேர்வாளராக நின்ற எங்கள் பேராசிரியர் பல்லைக் கடித்தார். "என்னத்தடா போட்டுத் தொலைச்ச?"

"உறை சார்."

"என்ன உறை?"

"கல்கண்டு சார்."

ராஜாத்தி பக்கமிருந்து 'களுக்' என்று ஒரு சத்தம். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இப்ப இதுக்கு உருகுநிலை பார்க்கோணுங்களா, பாகுபதம் பார்க்கோணுங்களா?"

எனக்கு வெங்காய வாடையே அடிக்க ஆரம்பித்துவிட்டது. மானம் மரியாதையை எல்லாம் விட்டுவிட்டு, "சார், ஃபெயில் ஆனா எங்கப்பா என்னை மண்டியில நிக்க வச்சிருவாரு" என்று அழுதேவிட்டேன். அவர் என் முதல் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"அழுவாதீங்க. தயாரிச்சது அருமையா இருக்குதுங்க. நீங்க சுத்தம் பண்ற வரைக்கும் சுத்தமாத்தான் இருந்திருக்குது."

அந்த அழுக்குப் பொட்டலத்துக்கு விழுந்த மதிப்பெண்ணால்தான் மயிரிழையில் தேறினேன். மறுவாரம் எங்கள் பேராசிரியர் வெங்காயம் வாங்க வந்த இடத்தில் அப்பாவிடம் முழுக் கதையையும் கொட்டிவிட்டார். அப்பா மண்டி அதிரச் சிரித்தாலும், ஓர் ஆள் கை நழுவிப்போன வருத்தம் அவருக்கு இருந்தது. அம்மா மட்டும் அசரவே இல்லை. "சாமி கல்கண்டு. அதைப் போட்டதாலதான் பாஸாயிருக்கான்" என்று இன்றைக்கும் சாதிக்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எறும்புக்கு எறும்பு என்று பெயர் கிடையாது. எனக்குக் கல்யாணமான புதிதில், "அடுப்படியில எக்ஸ்டர்னல் வந்திருக்காக!" என்று அம்மா கத்த, என் மனைவி யாரோ பெரிய மனிதர் கொல்லைப்புறமாக வந்துவிட்டார் என்று பதறி, சேலையைச் சரிசெய்துகொண்டு ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவைப் பார்த்து "வாங்க" என்றாள்.

இப்போது அவள் எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டாள். டப்பாவைச் சுற்றிப் பிள்ளையார் எறும்பு ஊர்ந்தால், "இன்டர்னல்தான், நம்ம ஆளுக, ஒண்ணும் பண்ண மாட்டாக" என்று விட்டுவிடுகிறாள். செவ்வெறும்பு வந்தால்தான் என்னைக் கூப்பிடுகிறாள்.

"என்னங்க, எக்ஸ்டர்னல் வந்தாச்சு. போயி அழுங்க, விட்டாலும் விட்டுருவாக."