அகத்தியர்கூடத்தில் லிஃப்ட் இல்லை

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீஸ் ஏழாவது மாடி. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் காபி மெஷின் முன்னால் நின்றபோது, கிழக்கு ஜன்னலில் அகத்தியர்கூடம் தெரிந்தது. மற்ற மலைகளெல்லாம் படுத்துக் கிடக்க, அது மட்டும் எழுந்து உட்கார்ந்திருந்தது. காபி வழிந்து கையைச் சுட்டதே அப்புறம்தான் உறைத்தது. ஏறியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். (அதுவரை நான் ஏறியிருந்த உச்சி, எங்கள் வீட்டுப் பரண்.)

அன்றிலிருந்து ஏழு மாடியும் படியிலேயே ஏறினேன். மூச்சு வாங்காமல் ஏறப் பழகியதும் திமிர் வந்துவிட்டது. கேட்காதவர்களுக்கும் மலையேற்ற ஆலோசனை வழங்கினேன். மலையேற வனத்துறையிடம் ஜனவரிக்குப் பாஸ் கிடைத்தது. அம்மா தனியாக விட மறுத்ததால் அத்திம்பேரும் (அக்காவின் கணவர், வங்கி வேலை, உருண்டைத் தொப்பை) கிளம்பினார்.

"பாவம், அவரை நான்தான் இழுத்துண்டு போகணும்" என்று அக்காவிடம் பெருமூச்சு விட்டேன்.

முதல் நாள் காட்டு வழி நடந்து முகாமில் கஞ்சியும் பயறும். மறுநாள் உச்சி. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். நான் பறந்தேன்.

மேலே, ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் திருநெல்வேலிச் சீமை. மேகம் காலுக்குக் கீழே ஓடியது. சின்ன மரங்களுக்கு நடுவே அகத்தியர் சிலை.

"ரெண்டு பக்கத்துக்கும் இங்கேர்ந்துதான் தண்ணி போறது, கேட்டியா" என்று அத்திம்பேர் கைகூப்பினார். இத்தனை பெரிய ஒன்றை நம் ஊர் ஜன்னலிலேயே வைத்துக்கொண்டு இத்தனை நாள் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு இறங்க வேண்டும் என்ற விஷயம் வந்தது.

அத்திம்பேர் முன்னால் இறங்கிவிட்டார். நான் பாதிக் கயிற்றில் கீழே பார்த்தேன். பாறை முடிகிற இடத்தில் ஆகாயம் தொடங்கியது. கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு மேலே வரிசை நீண்டது. இருட்டுவதற்குள் எல்லோரும் முகாம் திரும்ப வேண்டும், யானை நடமாடும் வழி. அங்கே கயிறோ ஒன்றுதான். அது என்னிடம் இருந்தது.

"கௌரி, ஆபீஸ்ல தெனம் எப்படி எறங்குவே?" என்றார் அத்திம்பேர் கீழிருந்து.

"லிஃப்ட்ல."

அவர் பாறையில் தொற்றி என் காலடிவரை மறுபடி ஏறி வந்தார்.

"இங்கே லிஃப்ட் ஒண்ணும் வராதாக்கும். கயித்தை விடாம உக்காரு."

மேலே காத்திருந்த மலையாள அம்மாள் ஒருத்தியும், "மோளே, பேடிக்கண்டா. இருந்து நெரங்கிக்கோ" என்றாள். பயத்தை விட்டு உட்கார்ந்தபடியே வழுக்கினேன். அத்திம்பேர் என் குதிகாலைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு பொந்திலும் வைத்துக் கொடுத்தார். பேண்ட்டின் பின்பக்கம் மலையோடு தங்கிவிட்டது. முகாம்வரை அவருடைய துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். யார் யாரை இழுத்து வந்தார்கள் என்று அக்கா இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் நான் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் போதும், "என்னடி, லிஃப்டுக்கா காத்துண்டிருக்கே?" என்று கதவைத் தட்டுகிறாள்.

வருகிற ஜனவரியில் மறுபடியும் போகிறோம். அத்திம்பேர் இரண்டு துண்டு எடுத்துக்கொள்கிறாராம். நான் தினமும் லிஃப்டில் ஏழாவது மாடிக்குப் போய், ஜன்னலில் மலையை ஒருமுறை பார்த்துவிட்டு, படியில் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.