பூவேந்தன் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள்

இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மீசை இப்போதே உதிர்ந்து விழட்டும். மீசையே இல்லையே என்று பார்க்கிறீர்களா? அது போன கதைக்கு விழுந்தது. இது சத்தியமாக நடந்தது.

ஒரு மனிதர். மென்பொருள் கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிக்கும் நூலகத்துக்கும் செய்கிற மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஆட்களைப் பதிந்து பார்க்க வேண்டும். நிஜமான ஆள் யாரையும் பதியக் கூடாது. ஆனால் பார்த்தால் நிஜமான ஆள் போலவே இருக்க வேண்டும். ஆகவே, இல்லாத ஆட்களை உண்டாக்குவதற்கென்றே இவரை வைத்திருந்தார்கள்.

மதிய நேரத்தில் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். காற்றில் திரைச்சீலை மெல்ல உப்பும். அந்த உப்பலுக்குள்ளிருந்து ஒருவர் நடந்து வருவார். முதலில் பெயர் வரும். பின்னாலேயே பிறந்த தேதி, தெரு, வேலை, மனைவி, பிள்ளைகள், போன் நம்பர். உலகத்தில் யாருக்கும் இல்லாத நம்பர். கூப்பிட்டால் மணிகூட அடிக்காது. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மென்பொருள் ஏற்காது என்பதால் எதையும் காலியாக விட்டு அவருக்குப் பழக்கமே இல்லை. இருபது வருஷத்தில் ஒரு ஊரையே குடிவைத்துவிட்டார். எல்லாரும் நல்லவர்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வாய் திறக்கிறவர் ஒருவர் இருந்தார். மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதாவது இவருடைய சகலை. ஞாயிறுதோறும் அந்த வீட்டில்தான் சாப்பாடு. சகலையின் பழைய கார் ஒருமுறை மலைப்பாதையில் நின்றுபோன கதையை அவர் சொல்லும் அழகு இருக்கிறதே, அதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நம் மனிதர் நூற்றுப் பத்து தடவை கேட்டும் ரசிக்கவில்லை. நூற்றுப் பதினோராவது தடவை கேட்பதில்லை என்று முடிவு கட்டினார்.

திரைச்சீலை உப்பியது. பூவேந்தன் வந்தார்.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், ஊருக்கும் புதுசு, ஞாயிறன்று வீடு மாற்ற உதவி கேட்டார் என்று இவர் சொன்னதும், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே கேட்டாள்.

"தனி ஆளா?"

காலிக் கட்டத்தைக் கண்டதும் கை துறுதுறுத்தது. "மனைவி சுகந்தி. பெரியவளுக்கு ஒன்பது வயசு, சின்னவனுக்கு ஆறு. அவரோட அப்பா அம்மாவும் கூட இருக்காங்க."

"போன்?"

பத்து எண்ணையும் மூச்சுவிடாமல் சொன்னார். அவள் சமையலறை நாள்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு அவள் மட்டும் அக்கா வீட்டுக்குப் போனாள். இவர் பூங்காவில், குளத்தோரம் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டார். மேகங்கள் அவசரமில்லாமல் போயின. பூவேந்தனும் அவருமாக ஒரு பெரிய அலமாரியை மாடிக்குத் தூக்கினார்கள். சுகந்தி தண்ணீர் கொண்டுவந்தாள். சின்னவன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தன் கட்டிலைக் காட்டினான். சாயங்காலம் வீடு திரும்பியபோது நிஜமாகவே இடுப்பு வலித்தது. அடுத்த மூன்று ஞாயிறும் அப்படியே கழிந்தன. பேருந்தில் பக்கத்து இருக்கையை அவரையறியாமல் யாருக்கோ பிடித்துவைக்கிற அளவுக்கு அவர்கள் மேல் பாசம் வந்துவிட்டது.

ஐந்தாவது வாரம் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "இன்னிக்கு சுகந்தியோட பேசினேன்."

"எந்த சுகந்தி?"

"உங்களுக்கு எத்தனை சுகந்தி? பூவேந்தன் வீட்டுச் சுகந்திதான். நீங்க குடுத்த நம்பர்தான். தங்கமான பொண்ணு, ஒரு மணி நேரம் விடாம பேசினா."

அந்த நம்பரில் மணியே அடிக்காது. அதை எப்படிச் சொல்வது? சொன்னால் பூவேந்தன் போய்விடுவார். பூவேந்தன் போனால் கார் வந்துவிடும்.

"என்ன சொன்னாங்க?" என்றார். பயத்தோடு கொஞ்சம் ஆசையும் இருந்தது.

"எல்லாம் உங்க சமையல் பெருமைதான். போன வாரம் அங்க மொத்தச் சமையலும் நீங்கதானாமே. இங்க ஒரு முட்டை வேகவச்சது உண்டா?"

"அது, சும்மா காய் நறுக்கிக் குடுத்தேன்."

"அடக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை ஆறு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். உங்க கையால சமைச்சாத்தான் வருவாங்களாம்."

ஞாயிறு விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தார். முதல் வெங்காயத்துக்கு அழுதது நிஜ அழுகை. ஆனால் ஆவி எழுந்து சமையலறை மங்கலானபோது மனசு லேசாகிவிட்டது. சின்னவனுக்குக் காரம் ஆகாது என்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைத்தார். பூவேந்தனின் அப்பாவுக்குப் பல் இல்லாததால் காயைக் குழைய வேகவிட்டார். எட்டுத் தட்டுகளைத் துடைத்து அடுக்கி, சட்டை மாற்றி, தலைசீவி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். திரைச்சீலை உப்பியது. ஒருவேளை அந்த நம்பரில் மணி அடித்துத்தான் இருக்குமோ?

பன்னிரண்டரைக்கு மனைவி போனைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "பாவம், சின்னவனுக்குக் காய்ச்சலாம். அவங்க வரலையாம்."

"ரொம்பக் காய்ச்சலா?" என்று கேட்டார். எழுந்தே விட்டார்.

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். "சரியாயிடும்" என்றாள், மெதுவாக. பிறகு அடுப்பைப் பார்த்தாள். "இவ்வளவு சாப்பாட்டை என்ன பண்றது? அதான் அக்கா வீட்டுக்குச் சொல்லிட்டேன். மருமக, பேரப்பிள்ளைங்களோட சரியா ஆறு பேரு."

தெருமுனையில் ஒரு பழைய கார் இருமியது.

சகலை முதல் கவளத்தை விழுங்கி, சமையலை மனதாரப் பாராட்டி, மலைப்பாதையில் அன்றைக்கு என்ன ஆயிற்று என்று நிதானமாக ஆரம்பித்தார். மனைவி அக்காவுக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாடு இங்கதான் அக்கா. இவர் சமையலை சுகந்தி சும்மா புகழலை."

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். அந்த எட்டுத் தட்டில் ஒன்று என்னுடையது. கார் இன்னும் மலை இறங்கவில்லை.