கம்பிக்கு நோகும்

கம்பிக்கு நோகுமே என்று கவலைப்பட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஜூஜுவாடியில் என் மாடி அறையில் குடியிருந்தார். பெயர் ஏதோ இருந்தது. தெருவுக்கு அவர் கம்பி சார்.

பக்கத்துக் கம்பெனியில் வேலை. கடுங்குளிரில் வைத்தால் கரண்டைத் துளிகூட வீணாக்காமல் கடத்தும் கம்பியாம். அதில் எங்கே சூடு ஏறும், எங்கே இழுபடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவார். ஒருநாள் இடியாப்பம் கொடுத்தேன். தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“முடி கிடக்குதா சார்?”

“இல்லீங்கம்மா. இந்தத் தட்டு முழுசும் பெரிய காந்தச் சுருள்னு வைங்க. இதுல ஒரு இழைதான் கம்பி. அதுக்குள்ள முடியை விட மெலிசா ஆயிரம் இழை. அதுல ஒண்ணு சூடானாலும் தட்டே போச்சு. அதான், அந்த ஒண்ணுலருந்து தட்டு வரைக்கும் கணக்கு போடறேன்.”

“இங்க தட்டே ஆறிப்போச்சு. சாப்பிடுங்க.”

துணி காயும் கொடிக்கம்பியையும் விடமாட்டார். தொய்வை ஸ்கேல் வைத்து அளப்பார். எதிர்வீட்டு கௌரம்மா, “ஏன் சார், கம்பிக்கு ஜுரமா?” என்பாள். “பாரம் தாங்கலீங்க,” என்று ஓர் ஈரப்புடவையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை கம்பெனியிலிருந்து அந்தக் கடுங்குளிர்க் கம்பியில் ஒரு நீளத் துண்டைக் கொண்டுவந்தார்.

“திங்கட்கிழமை இதைச் சோதிக்கிறாங்கம்மா. என் கணக்கு சரியா வந்தா வேலை நிலைக்கும். இல்லன்னா மூட்டை கட்டவேண்டியதுதான். தொடாதீங்க.”

சொன்னார்தான். ஆனால் மறுநாள் அவர் சர்ச்சுக்குப் போனதும் பெருக்கப் போனேன். மேசைமேல் பஞ்சில் அந்தக் கம்பி அகல வட்டமாக, அலங்கோலமாகக் கிடந்தது. என் வீட்டில் எதுவும் அப்படிக் கிடந்ததில்லை. கயிறு சுற்றுவதுபோல் முழங்கையில் இறுக்கிச் சுற்றி, முடிச்சும் போட்டு வைத்தேன்.

வந்தார். பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“நாந்தான் சார் சுத்தி வெச்சேன். எப்படி இருக்குது?”

முடிச்சைக் குனிந்து பார்த்தபடி சொன்னார்: “ரொம்ப நேர்த்தியா இருக்குதுங்கம்மா.”

அந்த வாரமே மூட்டை கட்டினார். “கணக்கு தப்பிப்போச்சும்மா,” என்றார். நம்பினேன்.

மீதிப் புத்தகங்களை எடுக்க வந்த கம்பெனிக்காரர்தான் உண்மையைச் சொன்னார். அது நாள்கணக்கில் சூளையில் வெந்த கம்பியாம். வெந்தபின் உள்ளிழை கண்ணாடி மாதிரி. வளைத்தால் வெளியே தெரியாமல் நொறுங்கிவிடும்.

“யார் மடக்கினதுன்னு எவ்வளவோ கேட்டாங்க பாட்டி. ‘நாந்தான்’னுட்டாரு.”

இப்போது மாடியில் வேறு ஆள். நான் கயிற்றை முழங்கையில் சுற்றுவதில்லை. அகல வட்டமாக, தளர்வாக ஆணியில் மாட்டுகிறேன். வெறும் கயிறுதான். ஆனாலும், நோகுமே.