நாற்பது நிமிடம் காத்திருந்தது யார்?

பன்னிரண்டு மணிக்குக் கணக்குப் போட்டபோது சராசரி நாற்பது நிமிடம் என்று வந்தது. பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருந்தவள் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தாள். நோயாளிகள் காத்திருக்கும் நேரம் சராசரியாக இருபது நிமிடத்தைத் தாண்டினால் அவள் வேலையை டோக்கன் மெஷினிடம் கொடுத்துவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மணிக்குக் கணக்கைக் காட்ட வேண்டும்.

"அக்கா, யாருமே நாப்பது நிமிஷம் காத்திருக்கலையே. அப்ப இந்த நாப்பது யாரோடது?" என்று நர்ஸிடம் கேட்டாள். பயத்துக்கு நடுவிலும் அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

நர்ஸ் நோட்டை வாங்கிப் பார்த்தாள். உள்ளே போய்விட்ட ஐந்து பேரும் பத்து, பதினைந்து நிமிடம்தான் காத்திருந்தார்கள், மொத்தம் அறுபது. ஆறாவது ஆள் மூலை நாற்காலிப் பெரியவர். ஒன்பது மணிக்கு வந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் ஒருவருக்கே நூற்றெண்பது.

"இவரை எடுத்துட்டுப் பாரு, வெறும் பன்னெண்டுதான்."

"வந்து உக்காந்தவரை எப்படிக்கா எடுக்கறது? பொய்க்கணக்கு எழுத எனக்கு வராது."

நேராகப் பெரியவரிடம் போனாள். "ஐயா, நீங்க உள்ள போயிடுங்களேன்."

"எனக்கென்னம்மா அவசரம். வலியோட வந்தவங்க முதல்ல போகட்டும்."

தங்கமான மனிதர். அவர் தங்கமாக இருக்க இருக்கச் சராசரி ஏறிக்கொண்டே போனது.

ஒரு பூஜ்ஜியம் சேர்ந்தால் சராசரி இறங்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதுதான் வந்து உட்கார்ந்த மூன்று பேரை விட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் படியேறி வந்த அம்மாளை உட்காரவே விடாமல் உள்ளே அனுப்பினாள். காத்திருந்த நேரம்: பூஜ்ஜியம். பெருமையாக எழுதிக்கொண்டாள்.

அந்த அம்மாளின் கடைவாய்ப்பல் அசைந்து கொடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே மூன்று பேரும் ஆளுக்கு அறுபது நிமிடம் அவளை முறைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவருக்கு இருநூற்று நாற்பது ஆகிவிட்டது.

மறுபடியும் கூட்டி, பத்தால் வகுத்தாள். நாற்பத்தெட்டு.

"இப்ப பெரியவரை எடுத்தாலும் இருபத்தேழு வருது" என்றாள் நர்ஸ்.

அவளுக்கு அழுகை முட்டியது. போகிற வேலை போகட்டும், இந்த மனிதருக்கு என்னதான் வியாதி என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று எழுந்து போனாள்.

"ஐயா, உங்களுக்கு எந்தப் பல்லு?"

"பல்லெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. நான் டோக்கன் மெஷின் மாட்ட வந்தவன். சராசரி இருபதைத் தாண்டினா மாட்டிக்கலாம், அதுவரைக்கும் உக்காருங்கன்னு டாக்டர் சொன்னாரு. தாண்டிடுச்சா?"