இறங்க மறுத்த எண்

எண் மறுபடியும் ஏறியிருந்தது. கழிவுநீரைச் சோதிக்கும் கெமிஸ்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். கண்ணாடி மேல் குற்றமில்லை.

குப்பைமேட்டின் அடியில் கசியும் கறுப்புத் தண்ணீரைக் கரியிலும் நாணல் படுகையிலும் விட்டுச் சுத்தம் செய்வது அவள் யோசனை. தலைவலி மாத்திரை, சென்ட், செயற்கை இனிப்பு என்று ஊர் தூக்கிப்போட்டதெல்லாம் அதில் கரைந்து வரும். படுகையைத் தாண்டியதும் எல்லாம் மாயமாகிவிட்டன. கொசு விரட்டும் களிம்பின் மருந்து மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதன் அளவுதான் அந்த எண்.

"குழாய்ல உள்ளே வர்றப்ப துளியூண்டு, படுகையை விட்டு வெளியே போறப்ப இவ்வளவு. எப்படிம்மா?" என்றார் மேனேஜர்.

"அதான் சார் எனக்கும் புரியல."

"அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை அதிகாரிங்க வர்றாங்க. இது இறங்கலேன்னா நாணலைப் பிடுங்கிட்டு மெஷின் வச்சிருவாங்க."

மூன்று வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த நாணல்.

இன்னும் இரண்டு வரிசை நட்டாள். எண் ஏறியது. தண்ணீரைப் படுகையில் நாலு நாள் கூடுதலாகத் தேக்கி வைத்தாள். இன்னும் ஏறியது. நாணலே மருந்தைச் சுரக்கிறதோ என்று இலையை அரைத்துச் சோதித்தாள். அதில் ஒன்றுமில்லை. கையில் சோப்பு வாசனைகூட இருக்கக்கூடாது என்று உறை மாட்டிக்கொண்டு, சோதனைக்குக் காலையில் வாளியில் தண்ணீர் எடுப்பதை மாலைக்கு மாற்றினாள். எண் இரட்டிப்பானது. பயத்தையும் மீறி, இது எங்கிருந்துதான் வருகிறது என்ற ஆர்வம் அவளைத் தூங்கவிடவில்லை.

அதிகாரிகள் வருவதற்கு முந்தைய நாள், வியாழக்கிழமை மாலை, படுகையின் கரையில் போய் நின்றாள். வாட்ச்மேன் பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா, முகமே சரியில்ல?"

"நாளைக்கு இதையெல்லாம் பிடுங்கப் போறாங்கண்ணே. தண்ணி சுத்தமாகலையாம்."

"அடப்பாவமே. நாத்தம்கூட இல்லியே."

"கடைசியா ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். அந்த வாளியைக் கொடுங்க."

வாட்ச்மேன் வாளியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா. நீங்களோ மேல எதுவும் பூசமாட்டேங்கறீங்க, நாணலும் தேங்குற தண்ணியும் கூடக்கூட இங்க கொசு பிடுங்கித் தின்னுது, சாயங்காலம்னா இன்னும் மோசம், அதான் தினமும் நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த வாளிக்கும் கயித்துக்கும் கொசுக் களிம்பைப் பூசி வைக்கிறேன், இன்னிக்குத்தான் இன்னும் பூசல."